தரையில் கத்துகிறது, மேலே போனால் சுதி இறங்குகிறது: 46 குளோ இன்ஜின் புலம்பல்

12 ஜனவரி 2025, காலை

மதுரையிலிருந்து ரிமோட்டில் குட்டி விமானம் பறக்கவிடுகிற ஒரு தம்பி கேட்டதை அப்படியே ஒட்டுகிறேன் (46 என்பது இன்ஜின் கொள்ளளவு, 0.46 கன அங்குலம்; குளோ என்றால் பிளக்கில் கனலும் சுருளால் மெத்தனாலை எரிக்கிற வகை; ஸ்லீவ் என்பது பிஸ்டன் ஏறி இறங்குகிற குழாய்):

"அண்ணா, 46 சைஸ் டூ ஸ்ட்ரோக் குளோ இன்ஜின், எட்டு வருஷப் பழசு. தரையில நல்லா கத்துது. ஏறி ரெண்டு மூணு நிமிஷத்துல சுதி இறங்குது, லூப் போட்டா உச்சியில தொங்குது. பிளக் மாத்தியாச்சு. கிரவுண்டுல எல்லாரும் ஸ்லீவ் போச்சு, தூக்கிப் போடுங்கிறாங்க. போட்டுடலாமா?"

தூக்கிப் போடாதே. என்னிடம் இருக்கிற 46-க்கும் இப்போது இதே நோய்தான். நவம்பரில் பழைய ட்ரெய்னரிலிருந்து (பறக்கப் பழகுகிற விமானம்) கழற்றிப் புது விமானத்தில் மாட்டினேன். த்ராட்டில் கம்பி இந்தப் பக்கம் வரவேண்டியிருந்ததால் கார்புரேட்டரைத் திருப்பிப் போட்டேன், அவ்வளவுதான், வேறு எதிலும் கை வைக்கவில்லை. டிசம்பர் கடைசியிலிருந்து மூன்றாவது நிமிஷம் ஆனால் மூச்சு வாங்குகிறது. இங்கேயும் (கோயம்புத்தூர்) கிரவுண்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து இங்கேயே எழுதுகிறேன், நீயும் அங்கே செய்து பார்.

எனக்கு இப்போதைக்குச் சந்தேகம் பிளக் மேல்தான்.

12 ஜனவரி, இரவு

பிளக் இல்லை.

எப்படித் தெரிந்தது என்றால், பேட்டரி கிளிப்பைக் கழற்றும்போது சுற்று விழுகிறதா என்று பார்க்க வேண்டும். கழற்றியதும் இருநூறு முந்நூறு சுற்று குறைந்தால் பிளக் தன் சூட்டிலேயே எரிய முடியாமல் திணறுகிறது, அல்லது எரிபொருள் அளவுக்கு மீறிப் போகிறது. எனக்கு ஒரு சுற்றுகூட விழவில்லை. சுதி இறங்கிய பிறகு விமானத்தைத் தரையிறக்கிக் கிளிப்பைத் திரும்ப மாட்டிப் பார்த்தேன் (பின்பக்கமிருந்து, புரொப்பெல்லர் சுற்றும் தளத்துக்கு நேராக முகத்தையோ கையையோ கொண்டுபோகாமல்), அப்போதும் ஏறவில்லை. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் சுருள் பளபளப்பாகத்தான் இருக்கிறது. நசுங்கவில்லை, வெளுக்கவில்லை. இருந்தாலும் மனசு கேட்காமல் புதுசு ஒன்று போட்டேன். அதே கதை.

ஒரு விஷயம். இந்தப் பிளக்குக்கு ஸ்டார்ட் ஆன பிறகு கரண்ட் தேவையில்லை என்பதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை. சுருளில் இருக்கும் பிளாட்டினம் மெத்தனால் ஆவி காற்றோடு வினைபுரியத் தூண்டுகோலாக நின்று, அந்தச் சூட்டில் தானாகவே கனன்றுகொண்டிருக்கிறது. 1947 வாக்கில் அமெரிக்காவில் ரே ஆர்டன் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் குட்டி விமானத்துக்குள் காயில், கண்டென்சர், பாயிண்ட், பேட்டரி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பறந்திருக்கிறார்கள். நமக்கு ஒன்றரை வோல்ட் போதும்.

19 ஜனவரி

பொங்கல் முடிந்து இன்றுதான் கிரவுண்ட் பக்கம் போனேன். காதால் கேட்டு "சுதி இறங்குகிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தால் எந்தக் காலத்திலும் முடியாது என்று தோன்றியது. கையில் டாக்கோமீட்டர் (சுற்று எண்ணும் மீட்டர்). விமானத்தின் வாலைப் பெரிய கருங்கல்லோடு கட்டினேன், இறக்கையை ஒருவர் பிடித்துக்கொண்டார், முழு த்ராட்டில், நாலு நிமிஷம். புரொப்பெல்லர் 11x6.

தொடக்கத்தில் நிமிஷத்துக்கு 11,800 சுற்று. ஒரு நிமிஷத்தில் 11,750. இரண்டாவது நிமிஷம் 11,500. அப்புறம் சரசரவென்று சரிந்து மூன்றரை நிமிஷத்தில் 10,400. ஆகப் பறக்கவே வேண்டாம், தரையிலேயே நோயை வரவழைக்க முடிகிறது. இது எனக்குப் பெரிய நிம்மதி. தம்பி சொல்கிற "தரையில் நல்லா கத்துது" என்பது முப்பது விநாடி கத்தவிட்டுக் கிளம்புகிறவன் பேச்சு. நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

1,400 சுற்று, அதாவது சுமார் 12 சதவீதம் சக்தி போகிறது. இதற்கே லூப் உச்சியில் தொங்குமா என்றுதான் புரியவில்லை.

டாக்கோமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று சந்தேகம் இருந்தால் வீட்டு ட்யூப்லைட்டைக் காட்டுங்கள். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு நூறு தடவை மினுக்கும், மீட்டரை இரண்டு இலைப் புரொப்பெல்லருக்கு வைத்தால் 3,000 காட்ட வேண்டும்.

20 ஜனவரி

இரண்டு திருத்தம்.

ஒன்று, நேற்று ட்யூப்லைட் என்று எழுதினேன், அது சோக் போட்ட பழைய ட்யூப்லைட்டுக்குத்தான் பொருந்தும். ஒருவர் எல்இடி பட்டியைக் காட்டி "0 காட்டுது, என் மீட்டர் செத்துப் போச்சா" என்று கேட்டார். சாகவில்லை. மாட்டுக்கொட்டகையிலோ பழைய பள்ளிக்கூடத்திலோ சோக் ட்யூப் இருக்கும், தேடிப் போங்கள்.

இரண்டாவது, 12 சதவீதம் என்றது படு தப்பு. அது சுற்றுக் கணக்கு, சக்திக் கணக்கு இல்லை. ஒரே புரொப்பெல்லர் கேட்கிற சக்தி, சுற்றின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 10,400-ஐ 11,800-ஆல் வகுத்தால் 0.88. அதை மும்முறை பெருக்கினால் 0.68. மூன்றில் ஒரு பங்கு சக்தி காணாமல் போகிறது. லூப் உச்சியில் தொங்காமல் வேறென்ன செய்யும்? கணக்கு வாத்தியார் வீட்டுப் பிள்ளை நான், இதை வெளியே சொல்லாதீர்கள்.

26 ஜனவரி

எரிபொருள்.

"நைட்ரோ கம்மி, அதான் இழுக்கலை" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள் (நைட்ரோ என்பது சக்தி கூட்ட எரிபொருளில் கலக்கிற நைட்ரோமீத்தேன்). நைட்ரோ குறைந்தால் முதல் விநாடியிலிருந்தே குறைவாகத்தான் இழுக்கும், மூன்றாவது நிமிஷம் வரை காத்திருந்து இறங்காது. தவிர, எஃப்ஏஐ (சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பு) போட்டிகளில் கயிறுகட்டி வேகம் பார்க்கிற பிரிவிலும் கம்பங்களைச் சுற்றிப் பறக்கிற பைலான் ரேஸிலும் கொடுப்பது மெத்தனாலும் எண்ணெயும்தான், நைட்ரோ கிடையாது. அந்த இன்ஜின்கள் என்ன கத்து கத்துகின்றன. அதற்கேற்ற பிளக், அதற்கேற்ற அழுத்தம், அவ்வளவுதான். நம் ஊரில் நைட்ரோ கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால் நான் பெரும்பாலும் ஐந்து சதவீதத்திலோ அதுவும் இல்லாமலோதான் ஓட்டுகிறேன், எட்டு வருஷமாக ஒரு குறையும் இல்லை.

ஆனால் எரிபொருளில் வேறு கோளாறு இருக்கலாம். மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மூடி சரியாக மூடாத கேன், பாதி காலியான கேன், மழைக்காலத்துக் கேன் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. அதனால் ஒரு நண்பரிடமிருந்து பிரிக்காத கேனில் ஒரு லிட்டர் கடன் வாங்கினேன். இங்கே ஒரு குறுக்குப் பேச்சு: 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அத்தனை பேர் செத்த பிறகு, நான் போன எந்த ரசாயனக் கடையிலும் மெத்தனால் என்ற பேரை எடுத்தாலே என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். அவர்கள் பார்ப்பது நியாயம். வீட்டில் வைத்திருப்பவர்கள் பூட்டி வையுங்கள், பெயர் எழுதி ஒட்டுங்கள், தண்ணீர் பாட்டிலில் ஒருநாளும் ஊற்றி வைக்காதீர்கள். பகலில் தீப்பிடித்தால் சுடர் கண்ணுக்கே தெரியாது, அதையும் மனதில் வையுங்கள்.

எண்ணெய் பற்றி. ஆமணக்கெண்ணெய் அதிகம் விளைகிற நாடு நம்முடையது, குஜராத்தில் கொட்டிக் கிடக்கிறது, அப்படியிருந்தும் நல்ல எண்ணெய் தேடி அலைய வேண்டியிருக்கிறது. விளக்கெண்ணெய் வேறு, தீப எண்ணெய் வேறு. இது தெரியாமல் புதிதாக வந்த ஒரு பையன் பூஜைக் கடையிலிருந்து தீப எண்ணெய் பாட்டிலை வாங்கி மெத்தனாலில் ஊற்றிவிட்டான். ஐந்து நிமிஷத்தில் இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றது. விளக்கெண்ணெய் மட்டும்தான் மெத்தனாலில் தெளிவாகக் கரையும். கனிம எண்ணெயோ மற்ற சமையல் எண்ணெயோ கலந்திருந்தால் கலங்கும், அடியிலோ மேலேயோ ஒதுங்கும். கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பங்கு எண்ணெய்க்கு நாலு பங்கு மெத்தனால் ஊற்றிக் குலுக்கி ஒரு ராத்திரி வைத்தால் கடைக்காரரின் யோக்கியதை தெரிந்துவிடும்.

என்னுடையது தெளிவாக இருந்தது. கடன் எரிபொருளிலும் மூன்றரை நிமிஷத்தில் 10,450. எரிபொருள் இல்லை.

27 ஜனவரி

"வீடு முழுக்க வைத்தியசாலை வாசனை" என்று வீட்டில் புகார். அது விளக்கெண்ணெய் எரிந்த வாசனை, எனக்கு மல்லிகைப்பூ.

2 பிப்ரவரி, காலை

பிடித்துவிட்டேன்!

டேங்க்கைக் கழற்றினேன். உள்ளே எடை மாட்டிய சிலிக்கான் ட்யூப் இருக்கிறதல்லவா, விமானம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எரிபொருள் இருக்கிற பக்கம் விழும் அந்தக் கிளங்க் ட்யூப், அதில் பித்தளைக் குழாய் நுனி உரசுகிற இடத்தில் ஊசி குத்தினாற்போல் ஓர் ஓட்டை. டேங்க் நிறைந்திருக்கும்போது ஓட்டை எரிபொருளுக்குள் முங்கிக் கிடக்கும், தெரியாது. நூறு மில்லி குறைந்ததும் ஓட்டை வெளியே வரும், எரிபொருளோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும், கலவை வறண்டு இன்ஜின் சூடாகிச் சுதி இறங்கும். 46-க்கு முழு த்ராட்டிலில் நிமிஷத்துக்குச் சுமார் முப்பது மில்லி போகும். மூன்று நிமிஷத்துக்குத் தொண்ணூறு. கணக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது!

புது ட்யூப் போட்டேன். கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கிற ஊசியையும் இரண்டு கிளிக் திறந்து வைத்தேன். காலை ஏழு மணிக்கு ஏழு நிமிஷம் பறந்தது, ஒரு சிணுங்கல் இல்லை. தம்பி, டேங்க்கைத் திற.

2 பிப்ரவரி, இரவு

மேலே உள்ளதை அழிக்கலாமா என்று பார்த்தேன், இருக்கட்டும்.

பத்தரை மணிக்கு இரண்டாவது தடவை ஏற்றினேன். மூன்றாவது நிமிஷத்தில் அதே இறக்கம். இறக்கும்போது பாதி ரன்வேக்கு முன்னாலேயே தரை தட்டி முன்சக்கரக் கம்பி வளைந்தது.

9 பிப்ரவரி

ஒரு வாரம் கோபமாக இருந்தேன். அப்புறம்தான் யோசித்தேன். ஓட்டை உண்மையான ஓட்டைதான், அதை அடைத்தது நல்லதுதான், ஆனால் அதுதான் காரணமா என்று சோதிக்கவே இல்லை. கணக்குப் பொருந்தியதும் துள்ளிக் குதித்துவிட்டேன். அதுவும் ஒரே நேரத்தில் ட்யூபையும் மாற்றி ஊசியையும் திறந்து, வெயில் ஏறாத காலையில் பறந்தால் எது வேலை செய்தது என்று யாருக்குத் தெரியும்?

இன்று செய்தது இது. மூன்றாவது நிமிஷத்தில் இரண்டு விஷயம் சேர்ந்தே நடக்கிறது: டேங்க் குறைகிறது, இன்ஜின் சூடாகிறது. இரண்டையும் பிரிக்க வேண்டும். முதலில், நன்றாக ஆறிய இன்ஜினை மூன்றில் ஒரு பங்கு டேங்க்கோடு ஸ்டார்ட் செய்தேன். டேங்க் காரணம் என்றால் உடனே இறங்க வேண்டும். இறங்கவில்லை, மூன்று நிமிஷம் ஓடிவிட்டுத்தான் இறங்கியது. அடுத்து, சூடு ஆறுவதற்குள் டேங்க்கை முழுக்க நிரப்பி மறுபடி ஸ்டார்ட் செய்தேன். முதல் அரை நிமிஷத்திலேயே 10,500-தான். ஆக டேங்க் குற்றமற்றது. சூடுதான்.

தலையில் கறுப்பு மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, சூடு காட்டும் துப்பாக்கியால் அந்தப் புள்ளியைக் குறிபார்த்தேன். பளபள அலுமினியத்தை நேராகக் குறிவைத்தால் அது குறைத்துத்தான் காட்டும். தொடக்கத்தில் 100-க்குப் பக்கம், சுதி இறங்கும்போது 140.

அப்புறம் சுதி இறங்கிக் கிடக்கும்போது எரிபொருள் ட்யூபை விரலால் கண நேரம் நசுக்கி விட்டேன். கலவை அதிகமாக இருந்தால் நசுக்கியதும் ஒரு துள்ளு துள்ளி ஏறும். ஏறவில்லை, அப்படியே விழுந்தது. அதாவது வறண்டு ஓடுகிறது. சூடாக ஆக வறள்கிறது, வறள வறள இன்னும் சூடாகிறது.

"அப்ப ஊசியைத் திற" என்பீர்கள். திறந்துதான் வந்திருக்கிறேன். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் அக்டோபரில் ஒன்றே முக்கால் திருகல் என்று எழுதியிருக்கிறேன். இன்று இரண்டரைக்கு மேல் இருக்கிறது. மூன்று மாதத்தில் முக்கால் திருகல். ஒவ்வொரு வாரமும் இரண்டு கிளிக், ஒரு கிளிக் என்று திறந்துகொண்டே வந்து அதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

9 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

ஊசியைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஊட்டிக் கதை. பல வருஷத்துக்கு முன்னால் வேறொரு இன்ஜினை ஊட்டிக்குக் கொண்டுபோனேன். 2,240 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். இன்ஜின் குடிகாரன் மாதிரி தடுமாறியது, வெள்ளைப் புகை மூட்டம். காற்று குறைந்ததால் எரிபொருள் அதிகம் என்று புரிந்து ஊசியை மூடினேன், ஓரளவு ஓடியது. சக்தி குறைந்தது குறைந்ததுதான், அதற்கு ஊசியில் மருந்து இல்லை. இதெல்லாம் சரி. திரும்பி வந்து ஊசியைப் பழைய இடத்துக்குத் திறக்க மறந்து கோயம்புத்தூர் வெயிலில் முழு த்ராட்டில் கொடுத்தேன். எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் நின்றுவிட்டது. பிளக்கில் சுருளே இல்லை. அந்தப் பொரிகிற சத்தம் கேட்டால் உடனே த்ராட்டிலைக் குறையுங்கள்.

15 பிப்ரவரி

சைலன்சர் அடைப்பு என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல யோசனைதான். விளக்கெண்ணெய் எரிந்து உள்ளே பட்டைபட்டையாகப் படியும், வாய் குறுகினால் இன்ஜின் வெளியே மூச்சுவிட முடியாமல் சூடாகும். கழற்றிப் பார்த்தேன், பழுப்புப் படலம்தான், அடைப்பு இல்லை. இருந்தாலும் ரேடியேட்டர் கூலன்ட்டில் போட்டு மெல்லிய சூட்டில் சில மணி நேரம் வைத்தேன், பழுப்பெல்லாம் கழன்று வந்தது. கூலன்ட்டில் இருக்கிற கிளைக்கால் விஷம். இதற்கென்று ஒரு பழைய பாத்திரம் ஒதுக்கி வையுங்கள், அது திரும்பச் சமையலறைக்குள் போகக் கூடாது. மாடியில், காற்றோட்டத்தில் வைத்துச் செய்யுங்கள்.

சுத்தமான சைலன்சர். அதே 10,400.

இப்போது பெரிய கேள்வி, ஸ்லீவ். கிரவுண்டில் எல்லாரும் கேட்டதுமே சொல்கிற தீர்ப்பு இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். நம் 46-களில் பெரும்பாலும் ரிங் கிடையாது. பித்தளை ஸ்லீவ், உள்ளே குரோம் அல்லது நிக்கல் பூச்சு, அதற்குள் சிலிக்கான் கலந்த அலுமினிய பிஸ்டன். ஸ்லீவ் நேரான குழாய் இல்லை, மேலே போகப் போகக் கொஞ்சம் குறுகும். ஆறிய இன்ஜினைக் கையால் சுற்றினால் உச்சியில் கிறீச்சென்று பிடிக்கும். புதிதாக வாங்குகிறவர்கள் இறுகிவிட்டது என்று பயந்து திருப்பிக் கொடுக்கப் போவார்கள். ஓடிச் சூடேறினால் பித்தளை பிஸ்டனைவிட அதிகம் விரிந்து, பிடிப்பு தளர்ந்து, சரியான இடைவெளிக்கு வந்துவிடும். ஆக, ஆறியிருக்கும்போது பிடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது பாதிச் சோதனைதான். சூட்டில் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சுதி இறங்கியதும் எரிபொருளை நிறுத்தி, பிளக் கிளிப் மாட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தடித்த தோல் கையுறையோடு புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றுங்கள். பந்து மாதிரி எதிர்த்துத் தள்ளினால் ஸ்லீவ் உயிரோடு இருக்கிறது. புஸ் என்று வழிந்து போனால் போச்சு.

என்னுடையது தள்ளுகிறது. அந்தச் சூட்டிலும் நன்றாகவே தள்ளுகிறது. ஸ்லீவ் போச்சு என்றவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு டீ வாங்கித் தர வேண்டும்.

16 பிப்ரவரி

பேரிங்கும் மாற்றிவிட்டேன். சந்தேகம் எல்லாம் இல்லை, சலிப்பு. பின்பக்கம் 6902, முன்பக்கம் 607, பேரிங் கடையில் நம்பர் சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், கோயம்புத்தூரில் இருப்பதில் இது ஒரு சுகம். கிராங்க் கேஸை (பிஸ்டனுக்குக் கீழே இருக்கிற இன்ஜின் கூடு) ஓவனில் சூடாக்கித் தட்டினால் பழைய பேரிங் தானாக விழும். பின் பேரிங்கில் லேசான துரு இருந்தது, ஓட்டி முடித்ததும் இரண்டு சொட்டு எண்ணெய் விடாத சோம்பேறித்தனம். சத்தம் கொஞ்சம் மிருதுவானது. சுற்று? 10,400.

இந்த எண்ணை என் பைக் நம்பராக வாங்கலாம் என்றிருக்கிறேன்.

17 பிப்ரவரி

மதுரைத் தம்பி எங்கே? நான் இங்கே இன்ஜினை எலும்பெலும்பாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன், கேள்வி கேட்டவர் ஆளைக் காணோம்.

23 பிப்ரவரி

பஞ்சர் கடை.

நேற்று ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்ட நின்றேன். ட்யூபில் காற்றடித்துத் தொட்டித் தண்ணீரில் முக்கிச் சுற்றினார், குமிழி வந்தது, ஈர்க்குச்சியால் குறி வைத்தார். நான் ஒன்றரை மாதமாக என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று அங்கே நின்றபோது தோன்றியது. வறண்டு ஓடுகிறது, எரிபொருள் சரியாக வருகிறது என்றால், எங்கேயோ கூடுதலாகக் காற்று புகுகிறது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ்தான் பம்ப். அதில் ஓட்டை இருந்தால் இருமல்தான்.

வந்ததும் இன்ஜினைக் கழற்றி, பக்கெட்டில் தண்ணீர். பிஸ்டனை உச்சிக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்போதுதான் கிராங்க்கில் இருக்கிற துவாரம் கார்புரேட்டர் பக்கம் திறந்திருக்கும், அடித்த காற்று உள்ளே போகும், பிஸ்டன் எக்சாஸ்டை மூடியிருக்கும். பிஸ்டன் அடியில் இருக்கும்போது அடித்தால் உள்ளே போகவே போகாது, ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடுவீர்கள் (முதல் தடவை நான் அப்படித்தான் முடிவு கட்டினேன்). எரிபொருள் வருகிற முனையை அடைத்து, கார்புரேட்டர் வாயில் ரப்பர் அடைப்பான் வைத்து, அதன் நடுவில் ட்யூப் செருகி, பெரிய சிரிஞ்சால் மெதுவாக அழுத்தினேன்.

முன் பேரிங் வழியாக ஒன்றிரண்டு குமிழி, அது எந்த இன்ஜினிலும் வரும். பின்பக்க மூடி, ஒன்றுமில்லை. கார்புரேட்டர் கழுத்து, ஒன்றுமில்லை.

சரி, தண்ணீரை மாற்றிச் சுடுதண்ணீர் ஊற்றினேன். நல்ல சூடு, கை வைக்க முடியாத சூடு. ஐந்து நிமிஷம் ஊறவிட்டு மறுபடி அழுத்தினேன். கார்புரேட்டர் கழுத்தின் இடது ஓரத்திலிருந்து சோடா பாட்டில் திறந்த மாதிரி குமிழி வரிசை. ஆறவைத்தேன், நின்றது. சூடாக்கினேன், வந்தது. மூன்று தடவை. வீட்டில் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்குத்தான் என் பக்கெட்டை எடுத்தீங்களா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கார்புரேட்டரை உருவினேன். அதன் கழுத்துக்கடியில் ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இருக்கும், சின்னக் கருமணி வளையல் அளவு. கல் மாதிரி இறுகியிருந்தது. ஒரு பக்கம் தட்டையாக நசுங்கியிருக்கிறது, எதிர்ப்பக்கம் நசுங்கவே இல்லை, உருண்டையாக அப்படியே இருக்கிறது. அதாவது கார்புரேட்டர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஆறியிருக்கும்போது விளக்கெண்ணெய்ப் பிசின் இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. சூடேறினால் பிசின் இளகுகிறது, கேஸ் விரிகிறது, காற்று புகுகிறது.

சாய்ந்து ஏன் உட்கார்ந்தது? இந்த இழையின் முதல் குறிப்பைப் போய்ப் படியுங்கள். "கார்புரேட்டரைத் திருப்பிப் போட்டேன், அவ்வளவுதான், வேறு எதிலும் கை வைக்கவில்லை." கார்புரேட்டரைத் திரும்ப மாட்டும்போது கட்டைவிரலால் கீழே நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டே பிடிப்பு போல்ட்டை முறுக்க வேண்டும், அப்போதுதான் ஓ-ரிங் சுற்றிலும் சமமாக நசுங்கும். அன்றைக்கு ஒரு கையில் டார்ச், ஒரு கையில் ஸ்பேனர். அழுத்தவில்லை. பழைய ஓ-ரிங்கையே போட்டேன். அப்புறம் காற்று புகுந்ததை ஈடுகட்ட வாரா வாரம் ஊசியைத் திறந்து திறந்து நோயை மூடி வைத்திருக்கிறேன். நாற்பத்திரண்டு நாளாக இதை எழுதிவைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து பிளக், எண்ணெய், டேங்க், சைலன்சர், பேரிங் என்று ஊர்வலம் போயிருக்கிறேன்.

விளக்கெண்ணெய் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

24 பிப்ரவரி

ஹைட்ராலிக் சாமான் கடையில் அதே அளவில் கறுப்பு நைட்ரைல் ஓ-ரிங், பத்து ரூபாய். இரண்டு வாங்கினேன். கட்டைவிரலால் அழுத்தி, போல்ட்டை முறுக்கினேன், ஊசியை மூடி ஒன்றே முக்காலுக்குக் கொண்டுவந்தேன், நாலு நிமிஷம்.

தொடக்கத்தில் 11,900. முடிவில் 11,750. தலைச் சூடு 108. மூக்கை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தால் சுற்று கொஞ்சம் ஏறுகிறது, இறங்கவில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும்.

இவ்வளவு சிரமப்படாமல் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது. சூடேறிய இன்ஜினை ஐடிலில் வைத்து, பின்பக்கமிருந்து கார்புரேட்டர் கழுத்திலும் பின்மூடி ஓரத்திலும் எரிபொருளைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சத்தம் மாறினால் அங்கேதான் உறிஞ்சுகிறது. இது எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். இன்னொருவர் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன்.

2 மார்ச்

நாலு தடவை பறந்தேன். பதினோரு மணி வெயிலில்கூட லூப் உச்சியில் நிற்காமல் புரண்டு வருகிறது. ஸ்லீவ் போச்சு என்றவர்களில் ஒருவர்தான் டீ வாங்கிக் கொடுத்தார்.

9 மார்ச்

மதுரைத் தம்பி வந்துவிட்டார். ஒட்டுகிறேன்:

"அண்ணா, பரீட்சை இருந்துச்சு, ஸாரி. ஓ-ரிங் மாத்தினேன், பக்கெட்டுல முக்கினேன், ஒரு குமிழி கூட இல்லை. டேங்க் ட்யூப் புதுசு. அப்புறம் நீங்க சொன்ன மாதிரி சூட்டோட கையுறை போட்டுச் சுத்தினேன். புஸ்ஸுன்னு போகுது அண்ணா. ஆறினதும் பார்த்தா அப்பவும் உச்சியில பிடிப்பே இல்லை. வாங்கின நாளிலிருந்து பத்திரமா இருக்கட்டும்னு ஊசியை நல்லாத் திறந்து வெச்சுத்தான் ஓட்டினேன்."

போச்சு. ஸ்லீவ்தான். உன் கிரவுண்டுக்காரர்கள் சொன்னது சரி, டீயை நீ வாங்கிக் கொடு. பத்திரமாக என்று நினைத்து எட்டு வருஷமும் கலவையை ஏற்றி ஓட்டியதுதான் வினை என்று நினைக்கிறேன். இந்த வகை இன்ஜின் சூடேறினால்தான் தளரும், ஈரமாக ஓட்டினால் சூடேறாமல் இறுக்கத்திலேயே உரசி உரசித் தேயும்.

புது ஸ்லீவ், பிஸ்டன் ஜோடியாகத்தான் போட வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றாதே. விலை கேட்டுப் பார், கட்டுப்படியாகாவிட்டால் விடு. ஆனால் தூக்கிப் போடாதே என்று நான் முதலில் சொன்னது இப்போதும் நிற்கிறது, காரணம் மட்டும் வேறு: நேற்று உற்சாகத்தில் முறுக்கியதில் என் கார்புரேட்டர் பிடிப்பு போல்ட் மரை கழன்றுவிட்டது. உன்னுடையது நன்றாக இருந்தால் அதைக் கழற்றி அனுப்பு தம்பி, கூரியர் செலவு என்னுடையது.